இரும்புப் பெட்டியும் சும்மா வந்த சம்பளமும்

1954-ல் ‘வாரியர்’ என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளின் கரையிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்துக்குப் போனது. அந்த ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அமெரிக்க அரசின் செலவில் ஓர் ஆய்வு நடந்தது. ஏற்றிய சாமானை உருப்படி உருப்படியாக எண்ணினார்கள்: 1,94,582. மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, மூட்டை, பீப்பாய், பொட்டலம், அவற்றுக்கு நடுவே 53 வண்டிகள். எல்லாம் 151 ஊர்களிலிருந்து 1,156 தனித்தனிச் சரக்குகளாக வந்து சேர்ந்தவை. ஏற்ற 6 நாள், அக்கரையில் இறக்க 4 நாள், நடுவே அட்லான்டிக்கைக் கடக்கப் பத்தரை நாள். செலவுக் கணக்குதான் விசேஷம். கடலைக் கடக்க ஆனது மொத்தத்தில் 11.5 சதவீதம். இரண்டு துறைமுகங்களிலும் ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கரைச் செலவு என்றால் பெரும்பாலும் ஆள் செலவு. ஒரு குழுவுக்கு இருபது பேர். பாதிப் பேர் கப்பலின் வயிற்றுக்குள், மீதிப் பேர் கரையில். ஒவ்வொருவர் கையிலும் மூட்டையைக் குத்தி இழுக்க ஓர் இரும்புக் கொக்கி. வாழைத்தாரும் பச்சைத் தோலும் காப்பிக்கொட்டையும் வேறு வேறு விதமாக அடுக்கப்பட வேண்டியவை. எதன்மேல் எது நிற்கும், அலையில் எது சாயும் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும். வேலை கடினம், ஆபத்தும் அதிகம். கூலி மோசமில்லை, ஆனால் வேலை இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. நியூயார்க்கில் 1953 வரை ஆள் எடுத்த விதம் இது: விடிந்ததும் வாசலில் அரைவட்டமாக நிற்க வேண்டும், மேஸ்திரி வந்து விரல் நீட்டுவார். காதில் பல்குச்சி செருகியிருந்தால், கூலியில் அவருக்குப் பங்கு தரத் தயார் என்று அர்த்தம். மார்லன் பிராண்டோ நடித்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ காட்டியது இந்தக் கூட்டத்தைத்தான். சித்தாள் வேலைக்கு ஆட்கள் காலையில் கூடும் நம்மூர் முச்சந்திகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதையெல்லாம் மாற்றிய இரும்புப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, கொண்டுவந்தவருக்குக் கடலோடு சம்பந்தமே இல்லை. மால்கம் மக்லீன் வட கரோலினாவின் ஒரு சிற்றூர்க்காரர். லாரி ஓட்டித் தொடங்கி, லாரிக் கம்பெனி முதலாளி ஆனவர். 1937-ல் துறைமுக வாசலில் தன் லாரியின் பஞ்சுப் பொதிகள் இறங்கும்வரை நாள் முழுக்கக் காத்துக் கிடந்தபோதுதான், லாரியை அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது என்றொரு கதை உலவுகிறது. பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்ன கதை. எனக்கு நம்பிக்கை இல்லை. வெற்றி பெற்றவர்களுக்கு இப்படி ஒரு ஞானோதய நாள் பிற்பாடு எப்படியோ கிடைத்துவிடுகிறது. உண்மையான காரணம் இன்னும் சாதாரணமானது. சாலைகளில் நெரிசல் கூடிக்கொண்டே போனது, கடல்வழி மலிவாக இருந்தது, யுத்தத்தில் மிஞ்சிய எண்ணெய்க் கப்பல்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அப்படி ஒன்றை வாங்கி, மேல்தளத்தைச் சீரமைத்து, ‘ஐடியல்-எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1956 ஏப்ரல் 26 அன்று அது 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கிரேன் ஏழு நிமிடத்துக்கு ஒன்றாகப் பெட்டியைத் தூக்கி வைத்தது. எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. ஐடியல்-எக்ஸில் ஆனது 15.8 சென்ட். அன்று கரையில் நின்று பார்த்த துறைமுகச் சங்கத் தலைவர் ஒருவரிடம் கப்பல் எப்படி என்று கேட்டார்களாம். மூழ்கடிக்க வேண்டும் போலிருக்கிறது என்றாராம், கெட்ட வார்த்தை சேர்த்து.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் ஒன்றின் பக்கத்தில் போய் அந்தப் பெட்டியைப் பாருங்கள். சுவர் வெறும் நெளி தகடு, தரை ஒட்டுப்பலகை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விஷயமெல்லாம் மூலைகளில் இருக்கிறது. எட்டு மூலைகளிலும் கனத்த வார்ப்பு எஃகுக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் நீள்வட்டமான ஓட்டை. கிரேனிலிருந்து இறங்கும் சட்டத்தின் நான்கு முளைகள் மேல் ஓட்டைகளில் நுழைந்து கால் வட்டம் திரும்பினால் பூட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் திரும்பினால் விட்டுவிடும். லாரியின் முதுகிலும் ரயில் வண்டியிலும் கப்பல் தளத்திலும் அதே முளை, அதே ஓட்டை. ஒரு மனிதக் கை படாமல் முப்பது டன் எடை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. மக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த பூட்டு இது. அதன் காப்புரிமையை 1963-ல் மக்லீன் கம்பெனி எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தது. உலகத்துக்கே ஒரே மாதிரிப் பூட்டு வர அது வழிவிட்டது. கதவில் எழுதியிருப்பதையும் படியுங்கள்: நான்கு எழுத்து, ஏழு எண், கடைசி எண் மட்டும் ஒரு கட்டத்துக்குள். முன்னால் உள்ளவற்றைத் தவறாகப் பதிந்தால் அந்தக் கடைசி எண் காட்டிக்கொடுத்துவிடும். கப்பலில் ஏறும் மூட்டையை நின்று எண்ணிக் கோடு போட்ட டாலி கிளார்க்கின் வேலை அந்தக் கட்டத்துக்குள் போய் முடிந்தது.

தொழிலாளர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1958-ல் மக்லீனின் புதுக் கப்பல்கள் போர்ட்டோ ரிக்கோ போனபோது, அங்கே இறக்க ஆள் வரவில்லை. நான்கு மாதம் கப்பல்கள் அப்படியே கிடந்தன. கடைசியில் ஒரு குழுவுக்கு 24 பேர் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டி இறங்கியது. பெட்டிக்கு அத்தனை பேர் தேவையில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். இத்தகைய விதிகள் எல்லாத் துறைமுகங்களிலும் இருந்தன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாரியில் பலகைமேல் அடுக்கி வரும் சரக்கை முதலில் தரையில் இறக்கி வைக்க வேண்டும். பிறகு துறைமுகத் தொழிலாளி அதை மறுபடி ஒரு பலகைமேல் அடுக்குவார். வெளியாருக்கு அபத்தமாகத் தெரியும். வருடத்தில் பாதி நாள் வேலையில்லாமல் நின்றவர்கள் கண்ணுக்கு அந்த அபத்தம் ஒரு காப்பு.

அந்த மேற்குக் கரையில்தான் முதல் பேரம் படிந்தது. சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், 1934 வேலைநிறுத்தத்தின் நாயகர். கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவரை நாடு கடத்த அரசு வருடக்கணக்காக வழக்கு நடத்தியது. இயந்திரத்துக்கு முதலில் கதவைத் திறந்தவரும் அவரே. தடுத்துத் தடுத்துப் பார்த்தாலும் பெட்டி வந்தே தீரும், வலு இருக்கும்போதே விலை பேசிவிடலாம் என்பது அவர் கணக்கு. 1960 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாளிகள் வருடம் 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட வேண்டும். 25 வருடம் உழைத்து 65 வயதில் வெளியேறுபவருக்கு 7,920 டாலர் மொத்தமாகக் கையில். பட்டியலில் உள்ள யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது; வேலை குறைந்தால் வாரம் 35 மணி நேரக் கூலிக்கு உத்தரவாதம். பதிலுக்கு, பழைய விதிகளையெல்லாம் முதலாளிகள் எடுத்துவிடலாம், எந்த இயந்திரத்தையும் கொண்டுவரலாம்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. வியட்நாம் யுத்தத்துக்கு மேற்குக் கரையிலிருந்து சாமான் மலைமலையாகப் போனதால் வேலை குறையவே இல்லை. குறைந்தால் கொடுக்க என்று ஒதுக்கிய பணம் கைபடாமல் கிடந்தது. 1966-ல் அதை ஆளுக்குச் சுமார் 1,200 டாலர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். இயந்திரம் கொடுத்த பங்கு என்றால், அகராதி அர்த்தத்திலேயே அதுதான்.

ஆனால் பட்டியல் என்று சொன்னேனே, அங்கேதான் முள். ஒப்பந்தத்தின் பலன் எல்லாம் ‘ஏ’ பிரிவில் பெயர் உள்ளவர்களுக்கு. அதே கப்பலில் அதே மூட்டையைத் தூக்கிய ‘பி’ பிரிவுக்காரர்களுக்கு உத்தரவாதமும் இல்லை, சங்கத்தில் ஓட்டும் இல்லை. 1963-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘பி’ பிரிவில் 82 பேரின் பெயர் நீக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார்கள். நீக்கியதில் முதலாளிகளோடு சங்கத்துக்கும் பங்கு இருந்தது.

கிழக்குக் கரையில் கதை வேறு மாதிரி ஓடியது. அங்கே சங்கம் தனி, தலைவர் டெடி கிளீசன். நியூயார்க்கில் ஒப்பந்தம் பேசி முடிக்க வேலைநிறுத்தம், குடியரசுத் தலைவரின் தலையீடு, தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு நிராகரிப்பு, மறுபடி வேலைநிறுத்தம் என்று எல்லாம் ஆயிற்று. 1965-ல் முடிவானது இதுதான்: குழுவில் ஆட்களை 20-லிருந்து 17 ஆகக் குறைக்கலாம், அதற்கு ஈடாக, முந்தைய வருடம் 700 மணி நேரமாவது வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் வருடம் 1,600 மணி நேரக் கூலி நிச்சயம். வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 1966-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டுக்கு உத்தரவாத வருட வருமானம் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த வேலைநிறுத்தத்தில் 1,600 என்பது 2,080 ஆனது. வாரம் 40 மணி, வருடத்துக்கு 52 வாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுச் சம்பளம்.

அப்போது புரூக்ளின் துறைமுக வட்டாரத்தில் இருந்த ஒரு தொழிலாளியின் காலையை நினைத்துப் பார்க்கலாம். எழுந்து ஆள் எடுக்கும் கூடத்துக்குப் போகிறார். அட்டையைக் கொடுத்து வருகையைப் பதிகிறார். கூப்பிட்டால் போக வேண்டும். மறுத்தால் அன்றைய கூலி போச்சு. கூப்பிடுவதில்லை. கப்பல்களெல்லாம் விரிகுடாவுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் எலிசபெத்தில், பெட்டிகளை அடுக்க நூற்றுக்கணக்கான ஏக்கர் காலி நிலம் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டன. கொஞ்ச நேரம் பேசிவிட்டு வீடு திரும்புகிறார். சம்பளம் வருகிறது. சிலர் மத்தியானத்தில் வேறு வேலை பார்த்தார்கள். முதலாளிகள் இதை மோசடி என்றார்கள். சோம்பேறிகளுக்குப் படியளக்கிறோம் என்று பத்திரிகைகளில் புலம்பினார்கள். மன்ஹாட்டன் கரையில் 1963–64-ல் சுமார் 14 லட்சம் ஆள்-நாள் வேலை நடந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1975–76-ல், 1.27 லட்சம். இவ்வளவு பெரிய வீழ்ச்சியில் பட்டியலில் இருந்த குடும்பங்கள் தெருவுக்கு வரவில்லை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். புலம்பியவர்கள் நாள் தவறாமல் பெட்டியால் லாபம் பார்த்தவர்கள்.

அந்தப் புரூக்ளின் தொழிலாளியின் மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. புதுப் பெயர் சேர்க்கும் கதவை அறுபதுகளிலேயே சாத்திவிட்டார்கள். துறைமுகத்தை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடை, கிடங்கு, லாரி மெக்கானிக், கரையோரத் தொழிற்சாலை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

துறைமுகக்காரர்கள் மணிக்கணக்கில் பேரம் பேசிய அதே 1964-ல், மார்ச் மாதம், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கு ஓர் அறிக்கை போனது. ‘மூன்று புரட்சிகள்’ என்று தலைப்பு. நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், பொருளியலாளர் குன்னார் மிர்டால், டெட்ராய்ட் கார் ஆலைத் தொழிலாளி ஜேம்ஸ் பாக்ஸ் எனப் பலதரப்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கணிப்பொறியும் தானியங்கி இயந்திரமும் சேர்ந்து, வேலை பார்த்தால்தான் வருமானம் என்ற முடிச்சை அவிழ்த்துவிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் போதுமான வருமானத்தை உரிமையாகவே கொடுத்துவிட வேண்டும் என்பது சாரம். இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் தியோபால்ட். இந்தியாவில் பிறந்து, பதின்வயதில் இங்கிலாந்துக்குப் போய், பிறகு அமெரிக்காவில் நிலைத்தவர். இன்று ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்று சிலிக்கன் பள்ளத்தாக்கின் கோடீஸ்வரர்கள் பேசும்போது புதிதாய்க் கண்டுபிடித்தது போலிருக்கிறது. அறுபது வருடப் பழைய சரக்கு.

எதிர்பாராத பக்கங்களிலிருந்தும் ஆதரவு வந்தது. சந்தையே கடவுள் என்ற மில்டன் ஃப்ரீட்மன், குறைந்த வருமானக்காரரிடம் வரி வாங்குவதற்குப் பதில் அரசு அவருக்குப் பணம் தரும் ஏற்பாடு ஒன்றை 1962-லேயே முன்வைத்திருந்தார். மார்ட்டின் லூதர் கிங் 1967-ல் நேரடியாகவே உத்தரவாத வருமானம் கேட்டார். 1968-ல் சாமுவேல்சன், கால்பிரெய்த் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் மனுப் போட்டார்கள். கடைசியில் அதை மசோதாவாக்கியவர் ரிச்சர்ட் நிக்சன் என்பது சரித்திரத்தின் குறும்பு. நான்கு பேர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு வருடம் 1,600 டாலர். துறைமுகக்காரரின் 1,600 மணி நேரத்தோடு எண் ஒத்துப்போனது தற்செயல்தான். 1970-ல் கீழவை நிறைவேற்றியது. மேலவையில் போய் மாட்டிக்கொண்டது. இவ்வளவா என்று ஒரு சாராரும், இவ்வளவுதானா என்று இன்னொரு சாராரும் எதிர்த்தார்கள். மசோதா செத்தது.

ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, ஏறக்குறைய ஒரே யோசனை. துறைமுகத்தில் நிறைவேறியது, நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ஏன்? துறைமுகத் தொழிலாளியின் கையில் கொடுக்காமல் நிறுத்திவைக்க ஒன்று இருந்தது. அவர் நகராவிட்டால் பெட்டி நகராது. அவர் வாங்கிய பணம் யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல. வேலைமீது தனக்கிருந்த பிடியை விற்று வாங்கிய விலை. அலபாமாவில் பருத்தி பறித்த ஏழைக் குடும்பத்தைப் பருத்தி பறிக்கும் இயந்திரம் அதே காலத்தில் துரத்திக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு விற்க ஒன்றும் இல்லை. அடிப்படை வருமானம் பற்றிய விவாதங்களில் பணம் எங்கிருந்து வரும், கொடுத்தால் சோம்பேறி ஆவார்களா என்ற இரண்டு கேள்விகளே சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்: 2017-18-ல் பின்லாந்து, வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தது, அவர்கள் வேலை தேடுவதை விட்டுவிடவில்லை. யார் வலுவில் கேட்பது என்ற மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

லண்டனில் இந்த நாடகம் இன்னும் கடுமையாக நடந்தது. பெட்டிகளை ஏற்றுவது யார் என்ற தகராறில் 1972 ஜூலையில் ஐந்து தொழிற்சங்கக்காரர்களைப் பென்டன்வில் சிறையில் போட்டார்கள். நாடே ஸ்தம்பித்ததும் விட்டார்கள். அதற்குள் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் விட்ட கிழக்கிந்தியக் கப்பல்துறை மூடி ஐந்து வருடம் ஆகியிருந்தது. சரக்கு, துறைமுக வேலையைப் பெயர் பதிந்தவர்களுக்கே ஒதுக்கிய பழைய தொழிலாளர் பதிவேடு செல்லாத ஃபெலிக்ஸ்டோவுக்குப் போயிற்று. பதிவேட்டையே 1989-ல் பிரதமர் தாட்சர் ஒழித்தார்.

பெட்டியை ஆசியாவுக்குக் கொண்டுவந்தது யுத்தம். வியட்நாமில் அமெரிக்கப் படைக்கான சாமான் இறக்க வழியில்லாமல் கப்பல்கள் வாரக்கணக்கில் கடலில் நின்றன. மக்லீன் காம் ரான் விரிகுடாவில் கிரேன் நிறுத்தி 1967-ல் வேலையைத் தொடங்கினார். காலிப் பெட்டியோடு ஏன் திரும்ப வேண்டும் என்று வழியில் ஜப்பானில் நிறுத்தி, டிரான்சிஸ்டர் ரேடியோவும் டிவியும் ஏற்றினார். மீதிக் கதை நமக்குத் தெரியும். 1972-ல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் முனையம். 1973 நவம்பரில் ‘பிரசிடென்ட் டைலர்’ கொச்சிக்கு வந்தது. இந்தியா பார்த்த முதல் கன்டெய்னர் கப்பல். 1983-ல் சென்னையில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம்.

சென்னை ஹார்பரில் அதற்கு முன்பே ஒரு பதிவேடு இருந்தது. கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் 1948-ல் வந்தது. அதன்கீழ் சென்னைக்கான திட்டம் 1956-ல். பெயர் பதிந்த தொழிலாளி காலையில் வந்து நின்று வேலை கிடைக்காவிட்டால் வருகைக் கூலி உண்டு. மாதத்தில் இத்தனை நாள் கூலி என்று குறைந்தபட்ச உத்தரவாதமும் உண்டு. நியூயார்க்குக்குப் பத்து வருடம் முந்தியது. கூலி குறைவுதான், ஆனாலும் கொள்கை அதே. பெட்டி பெருகியதும், பதிவேட்டை நடத்திய வாரியங்களைத் துறைமுக நிர்வாகங்களோடு இணைக்க 1997-ல் சட்டம் வந்தது. விருப்ப ஓய்வு வந்தது. கன்டெய்னர் முனையம் 2001-ல் தனியார் கைக்குப் போனது. விஞ்ச் ஓட்டியவர்களும் சிலிங் கட்டியவர்களும் ஓய்வூதியத்தோடு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுக்குப் போனார்கள். அந்த இடங்களுக்குப் புது ஆள் எடுக்கவில்லை.

பெட்டியை வில்லனாக்கிவிட்டு இதை முடித்துவிட முடியாது. திருப்பூர் பனியன் தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்குப் போவது இந்தப் பெட்டியில்தான். கப்பல் கூலி சட்டை விலையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியதால்தான் ஹாம்பர்க் கடைக்காரர் திருப்பூரில் தைக்கச் சொல்கிறார். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு உதிரி பாகம் வருவதும் அப்படியே. புரூக்ளினில் அழிந்ததைவிடப் பல மடங்கு வேலையைப் பெட்டி உலகில் உண்டாக்கியிருக்கிறது. இயந்திரத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைக் காட்டி வாதத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் வேலை இழந்தவரும் வேலை பெற்றவரும் ஒரே ஆள் இல்லை. இழந்தவர் ஐம்பது வயது ஐரிஷ்காரர், பெற்றவர் தாராபுரத்திலிருந்து கம்பெனி வண்டியில் வரும் இருபது வயதுப் பெண். அவளுக்குக் கிடைத்ததிலிருந்து அவருக்கு ஈடு கட்ட ஒரு வழியும் கிடையாது. அவளுக்கோ எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆர்டர் நின்றால் வேலை நிற்கும்.

கேரளத்தில் இதே பேரம் கோணலாகிப் போனதைப் பார்த்திருக்கிறோம். இயந்திரம் சாமான் இறக்கும். உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்ததற்குக் கூலி, நோக்குகூலி. 2018 மே தினத்தன்று அரசு தடை செய்தது. 2021 செப்டம்பரில் தும்பா ராக்கெட் மையத்துக்குப் போன லாரியை மறித்து, 184 டன் எடைக்கு டன்னுக்கு 2,000 ரூபாய் என்று கேட்டார்கள். கிரேனால் தவிர யாராலும் அசைக்க முடியாத சுமை. உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது, ஊரே சிரித்தது. நியாயப்படுத்த மாட்டேன். புதிதாக வீடு கட்டுபவரிடமும் மிரட்டி வாங்கிய காசு அது. ஆனால் டெடி கிளீசன் கோட்டு சூட்டோடு மேசையில் உட்கார்ந்து வாங்கியதை இவர்கள் லுங்கியோடு தெருவில் நின்று வாங்கப் பார்த்தார்கள். கேட்டது ஒன்றுதான். ஒப்பந்தமும் ஒழுங்கும் பொதுக் கணக்கும் இருந்த இடத்தில் அது சமூகப் பாதுகாப்பு. அவை இல்லாத இடத்தில் வழிப்பறி.

இப்போது பெட்டி தன் இரண்டாம் வாழ்க்கையில் இருக்கிறது. முதல் வாழ்க்கை மூட்டை தூக்கியவரைத் துரத்தியது. இரண்டாவது, கிரேன் ஓட்டுபவரைத் துரத்துகிறது. 1993-ல் ராட்டர்டாமில், மக்லீன் தொடங்கிய அதே சீ-லேண்ட் கம்பெனிக்காகக் கட்டிய முனையத்தில், ஆளில்லா வண்டிகள் பெட்டி சுமக்க ஆரம்பித்தன. ஷாங்காயின் யாங்ஷானில், சிங்கப்பூரின் துவாஸில் இன்று மைதானத்தில் மனித நடமாட்டமே அரிது. விழிஞ்ஞத்தில் உள்ளூர் மீனவக் குடும்பப் பெண்கள் ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு தானியங்கிக் கிரேன்களை இயக்குகிறார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஒருவர் ஒரே சமயத்தில் பல கிரேன்களைக் கவனிக்கிற வேலையும்கூட.

நியூயார்க் சங்கம் மட்டும் அறுபது வருடமாக அதே பாட்டைப் பாடுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் மூன்று நாள், மெய்ன் முதல் டெக்சாஸ் வரை சுமார் 45,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன் பேச்சுவார்த்தை முறிந்ததற்குக் காரணம், அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் லாரிகளை ஆளில்லாமல் உள்ளே விடும் ஒரு தானியங்கி வாசல். ஆறு வருடத்தில் 62 சதவீதக் கூலி உயர்வு கிடைத்தது. 1960-லிருந்தே பெட்டிச் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை தொழிலாளர் நிதிக்குப் போகிறது; இன்றும் வருடக் கடைசியில் அதைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பெட்டிப் பங்கை உலகம் முழுவதற்கும் விரித்தால் என்ன ஆகும்? ஒரு கணக்கு. உலகத் துறைமுகங்கள் வருடத்துக்கு 80 கோடிக்கு மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளைக் கையாளுகின்றன. பெட்டிக்கு ஒரு டாலர் வசூலித்து 800 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு வருடம் பத்து சென்ட். நூறு டாலர் வசூலித்தாலும் பத்து டாலர்தான். பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் பங்கு போட்டபோது பெரிதாக இருந்த பணம், அனைவருக்கும் என்றதும் கரைந்துபோகிறது. ஆக, ஓர் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கி அனைவருக்கும் வருமானம் எடுக்க முடியாது. வரி என்றால் பெட்டிக்குள் போகும் சரக்கின் லாபத்தின்மீதும், அந்த லாபம் சேரும் சொத்தின்மீதும் போட வேண்டும். அதை அரசுதான் செய்ய முடியும். இந்தியாவில் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆளுக்கு வருடம் 7,620 ரூபாய் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது, அதோடு சரி. நடைமுறையில் வந்தது வேறு வடிவம்: 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை. அதை வாங்கிக் கொடுத்தது இயந்திரத்தைப் பற்றிய பயம் இல்லை, ஓட்டு. துறைமுகத் தொழிலாளிக்குக் கிரேன் எப்படியோ அப்படி ஏழைப் பெண்ணுக்கு ஓட்டு என்று சொன்னால் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து வேறு பிடி அவளிடம் இல்லை.

எண்ணூர் சாலை டிரெய்லர் ஓட்டுநருக்கு அதுவும் சரியாக அமையவில்லை. மாதத்தில் முக்கால்வாசி நாள் சாலையில் இருக்கிறார். ஓட்டுப் போடும் நாளில் பெரும்பாலும் வேறு மாநிலத்தில் நிற்கிறார். டிரிப்புக்கு இவ்வளவு என்று படி. வாசலில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. சீனத் துறைமுகங்களிலும் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோவிலும் ஓட்டுநர் இல்லாத லாரிகள் முனையத்துக்குள் ஓடத் தொடங்கிவிட்டன. அவை இங்கே வந்தால் 1,600 மணி நேரக் கூலி கேட்க அவருக்கு மேசையும் இல்லை, எதிரே உட்கார ஒரு முதலாளியும் இல்லை. லாரி ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது, சரக்கு மூன்றாமவருடையது. நியூயார்க்காரர்களின் இப்போதைய ஒப்பந்தம் 2030 செப்டம்பரில் முடிகிறது.